பிடி

சீக்ஃப்ரீட் தன் அப்பாவைக் கொன்றபோது அவன் கையில் இருந்தது சாதாரண ஆயுதம்தான். பேய் பிடித்த வாள் அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகு. இந்த வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த கேமை வருடக்கணக்கில் விளையாடியவர்களுக்கே இது தலைகீழாகத்தான் நினைவில் இருக்கிறது.

நான் சொல்வது 'சோல் காலிபர்' பற்றி. நாம்கோ நிறுவனம் 1990களின் நடுவில் 'சோல் எட்ஜ்' என்ற பெயரில் தொடங்கி, 1998இலிருந்து 'சோல் காலிபர்' என்று பெயர் மாற்றித் தொடர்ந்த சண்டை கேம் வரிசை. 'டெக்கன்' விளையாடியவர்களுக்கு உடனே புரியும். அதே கம்பெனி, அதே மாதிரி இரண்டு பேர் நேருக்கு நேர். இங்கே ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆயுதம் கூடுதல். எங்கள் ஹாஸ்டல் அறையில் மூன்றாம் பாகம் பிஎஸ்2வில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கதையை யாரும் பார்த்ததில்லை. கதை வந்தால் பட்டனை அமுக்கித் தள்ளிவிடுவோம். எல்லோருக்கும் வேண்டியது நைட்மேர். நீலக் கவசம், மனிதக் கையே இல்லாத மாதிரி வீங்கிப்போன வலது கை, அந்தக் கையில் ஆள் உயரத்துக்கு ஒரு வாள். வாளின் உடம்பில் ஒரு கண். "டேய், நைட்மேர் எனக்குடா" என்று கன்ட்ரோலருக்குப் பாய்வோமே தவிர, அதே பட்டியலில் இருந்த சீக்ஃப்ரீடை யாரும் எடுத்ததாக ஞாபகம் இல்லை. அவர்கள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே ஆள் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்துத்தான் கதையை முழுக்கப் படித்தேன். 16ஆம் நூற்றாண்டு, ஜெர்மானிய நிலம். சீக்ஃப்ரீடின் அப்பா ஃப்ரெடரிக் ஊரே மதிக்கும் ஒரு போர்வீரர். அப்பா போருக்குப் போயிருக்கிறார். மகன் கெட்ட சகவாசத்தில் விழுந்து ஒரு கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகிறான். போரிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும் படைவீரர்களை ஓர் இரவு அந்தக் கூட்டம் தாக்குகிறது. அவர்களின் தலைவரை வெட்டிச் சாய்த்து, தலையை வெற்றிச் சின்னமாக நிலவொளியில் தூக்கிப் பிடிக்கிறான். அது அப்பாவின் தலை.

அந்த இடத்தில் அவன் மனம் ஒரு வேலை செய்கிறது. அப்பாவைக் கொன்றது வேறு யாரோ என்று நம்பத் தொடங்குகிறான். ஊருக்காகச் சொல்லும் பொய் இல்லை இது, உண்மையாகவே நம்புகிறான். அந்த 'யாரோ'வைப் பழிவாங்க வேண்டும். அதற்கு உலகத்திலேயே வலிய வாள் வேண்டும். சோல் எட்ஜைத் தேடிக் கிளம்புகிறான்.

அந்த வாளுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. அதுவும் முதலில் சாதாரண வாள்தான். கை மாறிக் கை மாறி, இரத்தத்திலும் வெறுப்பிலும் ஊறிக்கொண்டே இருந்ததில் ஒரு கட்டத்தில் அதற்கே ஒரு மனம் முளைத்துவிட்டது. பிடித்தவனின் ஆன்மாவைத் தின்று அவன் உடம்பில் குடியேறும். ஆக, வாளுக்குள் இருக்கும் பேய் பாதாளத்திலிருந்து ஏறிவந்த எதுவும் இல்லை. பிடித்திருந்த கைகள் விட்டுச்சென்றவற்றின் மொத்தம் அது. சீக்ஃப்ரீட் அதைக் கையில் எடுக்கிறான், நைட்மேர் ஆகிறான், பல வருடங்கள் ஐரோப்பா முழுக்கக் கொலை செய்துகொண்டு அலைகிறான்.

கேள்வி இதுதான். அந்தக் கொலைகளுக்கு யார் பொறுப்பு?

'வாள்தான்' என்பது சுலபமான பதில். 'அவன்தான்' என்பதும் சுலபமான பதிலே. முதல் பதில் பச்சாதாபத்தால் வருகிறது, இரண்டாவது கோபத்தால். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், அந்தக் கதையின் வரிசை நமக்கு வேறொன்றைச் சொல்கிறது. வாள் வந்ததால் அவன் கொலைகாரன் ஆகவில்லை. கொலைகாரன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியாததால் அவனுக்கு வாள் தேவைப்பட்டது.

*

இதை ஒரு கேமின் தற்செயல் என்று விட்டிருப்பேன், அதே வரிசையை இன்னோர் இடத்தில் பார்க்காமல் இருந்திருந்தால். 2002இல் வந்த 'வார்கிராஃப்ட் 3'. இது சண்டை கேம் இல்லை, வியூக கேம். ஆனால் இங்கேயும் ஆன்மா தின்னும் ஒரு வாள் உண்டு. இளவரசன் ஆர்தஸ் 'ஃப்ராஸ்ட்மோர்ன்' என்ற சபிக்கப்பட்ட வாளை எடுத்து, கடைசியில் அதனாலேயே தன் அப்பாவைக் கொல்கிறான். எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் காட்சி அது. ஆனால் அந்த வாளைப் பார்ப்பதற்கு முன்பே அவன் செய்தவை இரண்டு. ஸ்ட்ராட்ஹோம் என்ற நகரத்தில் நோய்த்தானியம் சாப்பிட்ட மக்கள் நடைபிணங்களாக மாறிவிடுவார்கள் என்று, மாறுவதற்கு முன்பே அவர்களை வெட்டித் தள்ளினான். பிறகு பனிநிலத்தில், தன் படையை ஊருக்குத் திரும்பச் சொல்லி ஆணை வந்தபோது, கூலிப்படையை வைத்துத் தன் கப்பல்களைத் தானே கொளுத்திவிட்டு, பழியை அந்தக் கூலிப்படை மேலேயே போட்டான். பழியை வைக்க ஓர் இடம் தேடும் பழக்கம் அவனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. வாள் அதற்குப் பிறகுதான் வருகிறது.

சீக்ஃப்ரீடுக்கு வாளின் சாபம் தெரியாது. ஆர்தஸுக்குத் தெரியும். கூட வந்த முராடின், பீடத்தில் எழுதியிருப்பதைப் படித்து, "வேண்டாம், விட்டுவிடு" என்று சொல்கிறார். ஆனாலும் எடுக்கிறான், நாட்டைக் காப்பாற்ற எந்த விலையும் கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டே.

பழைய கதைகளிலும் இந்தக் குடும்பம் பெரியது. ஐஸ்லாந்திய சாகா ஒன்றில் டிர்ஃபிங் என்றொரு வாள் வருகிறது. உறையைவிட்டு உருவினால் ஓர் உயிரையாவது வாங்காமல் அடங்காது. ஜப்பானில் முராமாசா பட்டறை வாள்கள் டோகுகாவா குடும்பத்துக்கு ஆகாதவை என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இயேயாசுவின் தாத்தாவைக் கொன்றது முராமாசா வாள் என்பது வழிவழியாக வரும் கதை. அதனாலேயே பின்னாளில் டோகுகாவா ஆட்சியை எதிர்த்தவர்கள் அந்த வாள்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். இதற்குச் சொல்லப்படும் சாதாரண விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். முராமாசாவின் பட்டறை இருந்த இசே மாகாணம் டோகுகாவாக்களின் மிகாவாவுக்குப் பக்கம். அந்த வட்டாரத்தில் பல பேர் இடுப்பில் அந்தப் பட்டறை வாள்தான் இருந்திருக்கும். யார் யாரைக் குத்தினாலும் கையில் கிடைப்பது அதுதான். குத்தியவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. பேர் வாங்கியது வாள்.

பேய் வாள் கதைகளில் மிக நேர்மையானது என்று எனக்குத் தோன்றுவது மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகள். 1961இல் வந்த முதல் கதையிலேயே எல்லாம் இருக்கிறது. எல்ரிக் நோஞ்சான் பேரரசன். மருந்தும் மூலிகையும் இல்லாமல் எழுந்து நடக்க முடியாதவன். 'ஸ்டார்ம்பிரிங்கர்' என்ற கறுப்பு வாள் கொல்லப்படுபவர்களின் ஆன்மாவைக் குடித்து, அந்த வலுவில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுக்கிறது. அதே வாள் அவன் காதலி சைமோரிலையும் கொன்றுவிடுகிறது. வெறுத்துப்போய் வாளைக் கடலில் எறிகிறான். அது மூழ்காமல் நீரில் நின்று ஓலமிடுகிறது. அவனே நீந்திப் போய் எடுத்துக்கொள்கிறான்.

நீந்தியது வாள் இல்லை.

*

இந்தக் கேள்வியைத் துளியும் மாயமில்லாமல் கேட்ட ஒருத்தி நம் பக்கத்தில் உண்டு. வால்மீகி ராமாயணத்தின் ஆரண்ய காண்டம். தண்டகாரண்யத்து முனிவர்களிடம் அரக்கர்களைக் கொல்வதாக ராமன் வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். சீதைக்கு அது உறுத்துகிறது. பகையே இல்லாதவர்களை எதற்காகக் கொல்லவேண்டும் என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு ஒரு கதையும் சொல்கிறாள்.

காட்டில் ஒரு முனிவர் கடும் தவத்தில் இருந்தார். தவத்தைக் கெடுக்க இந்திரன் ஒரு போர்வீரனின் உருவத்தில் வந்தான். அப்சரஸையெல்லாம் கூட்டிவரவில்லை. ஒரு நல்ல வாளைக் கொடுத்து, "இதைப் பத்திரமா வெச்சிருங்க" என்கிற மாதிரி அடைக்கலமாக ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். முனிவர் பொறுப்பானவர். அடுத்தவர் பொருள் தொலைந்துவிடக் கூடாதே என்று கிழங்கு பறிக்கப் போனாலும் பழம் பறிக்கப் போனாலும் வாளோடேயே போனார். கையிலேயே இருந்ததில் மெல்ல மெல்ல அவர் மனம் வன்மையானது. தவம் போயிற்று. கொடுமையில் இறங்கி, கடைசியில் நரகம் போய்ச் சேர்ந்தார்.

அந்த வாளுக்குள் பேய் இல்லை. கண் இல்லை. அது ஒரு வார்த்தை பேசவுமில்லை. ஆனால் சோல் எட்ஜ் செய்யும் வேலையை அது கச்சிதமாகச் செய்து முடித்தது. அதுவும் அவருடைய நல்ல குணத்தையே படிக்கட்டாக வைத்து. ஒப்படைத்ததைக் காக்கவேண்டும் என்ற நேர்மை இல்லாதிருந்தால் அவர் அதைத் தூக்கிக்கொண்டே அலைந்திருக்க மாட்டார்.

'கருவி நடுநிலையானது, பயன்படுத்துகிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது' என்று எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். சீதையின் கதை இதை ஒத்துக்கொள்வதில்லை. கருவி கையைப் பழக்குகிறது. கை மனதைப் பழக்குகிறது. ஆனால் அவள் எதிர்ப்பக்கத்துக்கும் போவதில்லை. வாள்தான் காரணம் என்று முனிவரை விடுவிக்கவில்லை. நரகத்துக்குப் போனது முனிவர்தான், வாள் போகவில்லை.

தமிழில் இதற்கெல்லாம் ஒரே வினைச்சொல் இருப்பது ரொம்ப நாள் என் கண்ணில் படவில்லை. வாளைப் பிடிக்கிறோம். பேய் நம்மைப் பிடிக்கிறது. ஒன்று நமக்குப் பிடிக்கிறது. போதாததற்கு, வாளின் கைப்பிடிக்கும் பெயர் பிடிதான். யார் யாரைப் பிடித்தார்கள் என்று கேட்டால், 'பிடித்ததால் பிடித்தான், பிடித்ததும் பிடித்துக்கொண்டது' என்று சொல்லலாம். விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. சீக்ஃப்ரீடின் கதை இந்த மூன்று பிடிகளும் இதே வரிசையில் நடப்பதுதான். முதலில் பிடித்துப்போவது. அவனுக்குப் பிடித்துப்போனது, 'கொன்றது நானில்லை' என்ற எண்ணம். அடுத்து, கை நீட்டிப் பிடிப்பது. கடைசியில்தான் அது அவனைப் பிடிப்பது. நாம் வழக்கமாகக் கதையைக் கடைசிப் பிடியிலிருந்து தொடங்குகிறோம்.

சட்டத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகள் போதையில் செய்த குற்றங்களைப் பற்றியவை. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 23, 24. ஒருவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப்பொருள் கொடுக்கப்பட்டு, என்ன செய்கிறோம் என்றே தெரியாத நிலைக்கு அவர் போய்விட்டால் சட்டம் மன்னிக்கிறது. தானே குடித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. நிதானத்தில் இருந்திருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்தவராகவே அவரைச் சட்டம் நடத்தும். கத்தி வீசிய நொடியைவிட, கோப்பையை எடுத்த நொடியைத்தான் சட்டம் தேடிப்போகிறது.

சரி, வாளுக்கு உண்மையிலேயே மனம் இருந்தால்? பேயும் ஒரு ஆள்தானே, அதற்கும் பங்கு உண்டல்லவா? தாராளமாக உண்டு. ஆனால் பொறுப்பு கேக் மாதிரி வெட்டிக் கொடுக்கிற சாமான் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து, ஒரே நோக்கத்தோடு ஒரு குற்றம் செய்தால், ஒவ்வொருவரும் தான் மட்டும் அதைச் செய்த மாதிரியே பொறுப்பு என்பதுதான் பழைய 34ஆம் பிரிவு. ஆளுக்குப் பாதி என்று அது சொல்வதில்லை. வாள் முழுக்கக் குற்றவாளியாகவே இருக்கட்டும். அதனால் பிடித்த கைக்கு ஒரு கிராம்கூடக் குறைவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். ஆவேசம் என்பது எப்போதும் தப்பித்தல்தானா? நம் ஊர்களில் சாமி வந்து ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். வருடம் முழுக்க வாய் திறக்க முடியாத மருமகள், அந்த ஒரு நாள் தலைமுடி அவிழ்ந்து ஆடும்போது மாமியாரையும் கொழுந்தனையும் பெயர் சொல்லிக் கேட்பாள். மறுநாள் யாரும் அவளிடம் "ஏன் அப்படிச் சொன்னே" என்று கேட்க முடியாது. 'சொன்னது நானில்லை' என்பதுதான் அவளுக்கு இருக்கும் ஒரே வாய். இதை சீக்ஃப்ரீடின் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. இருவரும் சொல்வது ஒரே வாக்கியம் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அவள், தனக்குத் தெரிந்த உண்மையை வெளியே கொண்டுவர அந்த வாக்கியத்தைப் பயன்படுத்துகிறாள். அவன், தனக்குத் தெரிந்த உண்மையை உள்ளே புதைக்கப் பயன்படுத்துகிறான். ஒருவரை ஏதோ பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நாம் பார்க்கவேண்டியது இதைத்தான்: அதனால் எது வெளிச்சத்துக்கு வருகிறது, எது மறைகிறது.

*

பண்டைய ஏதென்ஸில் பூஃபோனியா என்று ஒரு சடங்கு நடந்தது. பெயருக்கு அர்த்தமே 'மாட்டுக் கொலை'. ஏர் உழும் மாட்டைக் கொல்வது பெரும் பாவம். ஆனால் அந்தத் திருநாளில் பலிபீடத்துத் தானியத்தைத் தின்ன ஒரு மாட்டை விட்டு, அதற்காகவே அதை வெட்டுவார்கள். எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். அதன் பிறகு விசாரணை. யார் கொன்றது? போர்ஃபிரி என்ற பழைய தத்துவவாதி எழுதி வைத்திருக்கும்படி, தண்ணீர் கொண்டுவந்த பெண்கள் 'நாங்களில்லை, தீட்டியவர்கள்' என்பார்கள். தீட்டியவர்கள் 'கோடரியை எடுத்துக் கொடுத்தவன்' என்பார்கள். அவன் 'கழுத்தை அறுத்தவன்' என்பான். அறுத்தவன் 'கத்தி' என்பான். கத்தியால் பேச முடியாது. எனவே கத்தி குற்றவாளி. அதைக் கடலில் எறிந்துவிடுவார்கள். செத்த மாட்டின் தோலில் வைக்கோல் அடைத்து நிறுத்தி, ஏரில் பூட்டியும் வைப்பார்கள். ஒன்றுமே நடக்காத மாதிரி.

இதை முதன்முறை படித்தபோது எனக்கு ஒரு மீட்டிங் ஞாபகம் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், சிறு கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களுக்கு ஒரு மாடல் மதிப்பெண் போடும். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் தானாகவே நிராகரித்துவிடும். வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஒரு பெண் மீட்டிங்கில் கேட்டார்: "சார், போன் பண்ணி என்ன காரணம்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?" டேட்டா டீம், "நாங்க குடுத்த டேட்டா சரிதான், மாடல் என்ன பண்ணுதுன்னு எங்களுக்குத் தெரியாது" என்றது. மாடல் டீம், "நாங்க மதிப்பெண்தான் போடுறோம், கட்-ஆஃப் எங்களது இல்ல" என்றது. ப்ராடக்ட் பக்கம், "ரிஸ்க் டீம் கேட்ட நம்பர் அது" என்றார்கள். ரிஸ்க்கில் இருந்தவர், "போன தடவை மாடல் தந்த ரிசல்ட்டை வெச்சுத்தான் அந்த நம்பரை எடுத்தோம்" என்றார். வட்டம் சுற்றி மாடலிடமே வந்து நின்றது. மாடல் பேசாது. கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பதில்: "சிஸ்டம் அப்ரூவ் பண்ணலைன்னு சொல்லிடுங்கம்மா."

அந்த அறையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் வரியில் உண்மைதான் சொன்னார்கள். பூஃபோனியாவிலும் தண்ணீர் கொண்டுவந்த பெண்கள் பொய் சொல்லவில்லையே. உண்மைகளைச் சங்கிலியாகக் கோத்து ஒரு பெரிய பொய்யைச் செய்ய முடியும் என்பதுதான் அதில் பயங்கரம். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பும் பாட்டியிடம் "மெஷின் எடுக்க மாட்டேங்குது பாட்டி" என்கிறோம். வங்கியில் "சர்வர் டவுன்". வாக்கியத்தின் எழுவாய் எப்போதும் ஏதோ ஓர் இரும்பு.

இங்கிலாந்தின் தபால் துறையில் நடந்தது இதன் மறுமுனை. 1999இலிருந்து கிளைத் தபால் நிலையங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் வந்தது. செய்தது ஃபுஜிட்சு. அது கணக்கில் இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. பணம் எங்கே என்று கிளை நடத்தியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். 2015 வரைக்கும் 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, கணக்கைத் திரித்தல் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்வது அங்கே சட்ட வழக்கம். இல்லை என்பவர்தான் நிரூபிக்கவேண்டும். உதவி எண்ணுக்கு அழைத்த பலருக்குக் கிடைத்த பதில், உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை வருகிறது என்பது. 2019இல்தான் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை ஏற்றது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024இல் வந்தது.

ஏதென்ஸில் கத்தி குற்றவாளி, மனிதர்கள் நிரபராதிகள். ஹொரைசன் விஷயத்தில் கத்தி நிரபராதி, வெட்டுப்பட்டவர்கள் குற்றவாளிகள். பார்க்க நேரெதிர். ஆனால் இரண்டிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. கத்தியைப் பிடித்திருந்தவர்கள் படத்திலேயே இல்லை.

*

இப்போது எங்கள் துறையில் வாள் நிஜமாகவே பேச ஆரம்பித்துவிட்டது. கேட்டால் பதில் சொல்கிறது, நிரல் எழுதுகிறது, சில இடங்களில் தானே முடிவெடுத்து ஓட்டவும் செய்கிறது. "இதை யாருப்பா எழுதினது?" என்றால் "ஏஐ எழுதிச்சு" என்ற பதில் சர்வசாதாரணமாகிவிட்டது. அதற்கு மனம் உண்டா, இல்லையா என்று இரவு முழுக்க விவாதிக்கலாம். எனக்கும் அந்த விவாதம் பிடிக்கும். ஆனால் பொறுப்பைப் பற்றிய கேள்விக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீதையின் கதையில் வாளுக்கு மனமில்லை, சோல் எட்ஜுக்கு இருக்கிறது. இரண்டிலும் பிடி ஒன்றுதான்.

அப்படியென்றால் நல்ல வாளாகப் பார்த்துப் பிடித்தால் ஆயிற்றா? கேமை எழுதியவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். சோல் எட்ஜுக்கு எதிராக சோல் காலிபர் என்ற புனித வாள் உண்டு. 2008இல் வந்த நான்காம் பாகத்தில் அதன் பிறப்பு தெரியவருகிறது. பேய் வாள் பிடித்த தன் மகனைத் தானே கொல்ல நேர்ந்த அல்கோல் என்ற அரசன், உடைந்த சோல் எட்ஜின் துண்டுகளிலிருந்தே அந்தப் புனித வாளைச் செய்தான். அடுத்த பாகத்தில் அதுவும் தன் வேலையைக் காட்டுகிறது. இறந்துபோன தாயின் உருவத்தை எடுத்துக்கொண்டு அவள் மகனை ஏவிவிடுகிறது. நல்லது செய்யும் வாள், பிடித்தவனை யோசிக்கவிடாது என்றால், அதுவும் அதே இரும்புதான். 'நான் செய்யவில்லை, தீமை செய்தது' என்பதும் 'நான் செய்யவில்லை, நீதி செய்தது' என்பதும் ஒரே பட்டறைச் சரக்கு.

பிடிக்காமல் இருக்க முடியாது என்பதும் உண்மைதான். கடன் கொடுக்கிற இடத்தில் யாரோ ஒருவர் இல்லை என்று சொல்லித்தான் ஆகவேண்டும். எல்லா விண்ணப்பத்தையும் மனிதரே உட்கார்ந்து பார்த்த காலத்தில் சாதி பார்த்தார்கள், முகம் பார்த்தார்கள். அந்தக் காலத்துக்குத் திரும்பிப்போக நான் சொல்லமாட்டேன். பின் என்னதான் செய்வது என்று யோசித்தபோது, இந்தக் கதைகளையெல்லாம் அடுக்கிவைத்ததில் இன்னொரு பொதுத்தன்மை கண்ணில் பட்டது.

பேய் வாள் முதல் வேலையாக யாரை எடுக்கிறது என்று பாருங்கள். எல்ரிக்கின் வாள் முதல் கதையிலேயே கொல்வது, அவனை அவனாகத் தெரிந்த ஒருத்தியை. ஃப்ராஸ்ட்மோர்னை ஆர்தஸ் விடுவிக்கும் நொடியில், சிதறும் பனிக்கட்டி போய்த் தாக்குவது, 'வேண்டாம்' என்று சொன்ன முராடினைத்தான். ஆர்தஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாளை எடுத்துக்கொண்டு போகிறான். சீக்ஃப்ரீடுக்கோ, கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அப்பா. அவரைத்தான் முதலில் இழந்தான். ஹொரைசனில் ஒவ்வொருவரிடமும் 'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொன்னபோது நடந்ததும் இதே வெட்டுதான். கேட்கக்கூடிய ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அந்த மீட்டிங்கில் கேள்வி கேட்டது ஒரே ஒருவர். அவருக்குக் கொடுக்கப்பட்டது, கேள்வியை மூடும் ஒரு வாக்கியம்.

ஆகவே எனக்கு இப்போது ஒரு கருவி ஆபத்தானதா என்று பார்க்க வேறு அளவுகோல் இருக்கிறது. அது எவ்வளவு கூர்மையானது, அதற்கு மனம் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. அதைப் பிடித்திருப்பவரிடம் 'ஏன்' என்று கேட்க ஒருவர் இருக்கிறாரா, கேட்டால் பதில் சொல்ல ஒரு பெயர் இருக்கிறதா என்பது முதல். 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்ற வரியில் 'பட்டது' என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாவிட்டால், அந்த மென்பொருளுக்குக் கண் முளைத்துவிட்டது என்று அர்த்தம்.

சீதை கதையைச் சொல்லி முடித்ததும் ராமன் அவள் சொன்னதை ஏற்கவில்லை. வாளை வைக்கவும் இல்லை. அவன் எடுத்த முடிவு சரியா என்று நாம் இன்னும் சண்டை போடலாம். ஆனால் அவன் சொன்ன பதிலில், அம்பு செய்தது, வில் செய்தது, விதி செய்தது என்று எதுவும் இல்லை. வாக்குக் கொடுத்தது நான், அதை மீறமாட்டேன் என்பதுதான் பதில். அவள் கேட்டாள், அவன் 'நான்' என்று தொடங்கிப் பதில் சொன்னான். நைட்மேரின் நீலக் கவசத்துக்குள் அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆள் இல்லை.